அம்மை மாதிரி என்று சொன்ன டாக்டரம்மா

2021-ஆம் ஆண்டு, வைகாசி பிறந்த சமயம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக அழகர் ஆற்றுக்கு வராமலேயே சித்திரை கழிந்திருந்தது. மதுரையிலிருந்து அலங்காநல்லூர் போகிற சாலையைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். முழு ஊரடங்கு என்பதால் பேருந்து ஓடவில்லை. ஆனால் ஊருக்குள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காய்ச்சல் உட்பட.

தினமும் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வரும். அறிகுறி உள்ளவர்கள் தங்களைத் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லிக்கொண்டே போகும். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று தெரிந்தால், ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய், தலைமாட்டில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். போகாதவனின் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு யாரும் வர மாட்டார்கள். இந்த மரியாதையோடு சேர்ந்தே காய்ச்சலும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வந்தது. சொந்தமாக மினி வேன் வைத்து, ஊர்க் காய்கறியை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறவர். நாற்பது வயது இருக்கும். சோதனையில் கொரோனா என்று வந்தது. கிராம செவிலியர் மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லியிருந்தார். ஆனாலும் பக்கத்து வீட்டு வாசலில், பார்க்க வருகிறவர்களின் செருப்புகள் குறையவே இல்லை.

அப்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தார். மதுரையில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவர். நோய் பரவும் ஊர்களுக்குப் போய் மக்களிடம் பேசுவதற்காக அனுப்பியிருந்தார்கள். ஊர் நடுவில் மந்தை என்று நாங்கள் சொல்லும் வெட்டவெளியில், ஆட்டோ மைக்கை எடுத்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் தள்ளித் தள்ளி நின்றிருந்தோம். அவர் தனிமைப்படுத்துதல் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"நான் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவதான். நானும் நோயாளி வீட்டுக்கு ரொட்டி வாங்கிட்டுப் போனவதான். ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஒரு வீட்டுல அம்மை போட்டிருக்குன்னா ரொட்டி தூக்கிட்டுப் போவீங்களா?"

"அது எப்படிப் போவோம்? வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கும்ல?" என்றார் ஒரு பெண்.

"அந்த வீட்டு ஆளுக வெளிய வருவாங்களா?"

"தண்ணி ஊத்துற வரைக்கும் வரமாட்டாக."

"அம்புட்டுத்தான். இதையும் அம்மை மாதிரி நெனச்சுக்கங்க. வெளி ஆள் உள்ள போகக் கூடாது. உள்ள இருக்கிறவுக வெளிய வரக் கூடாது. உங்களுக்குத் தெரியாததை நான் ஒண்ணும் சொல்லல."

கூட்டத்தில் தலைகள் அசைந்ததை நான் பார்த்தேன். பிளேக், காலரா காலத்தைப் பற்றிப் பழைய புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அதிகாரிகள் ஒன்று சொல்ல, ஊர் இன்னொன்று செய்த கதைகள்தான் அவற்றில் பெரும்பாலும் இருக்கும். இவர் ஊருக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து ஊரின் கையிலேயே கொடுத்துவிட்டார் என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

மறுநாளே தெரு மாறிவிட்டது. காய்ச்சல் கண்ட வீடுகளின் வாசல் நிலைகளில் வேப்பங்கொத்து தொங்கியது. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஆட்டோக் குரல் பல நாள் கத்தியும் நடக்காதது, ஒரு பேச்சில் நடந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசலிலும் வேப்பிலை. செருப்பு ஒன்றுகூட இல்லை.

அந்த வாரக் கடைசியில்தான் எனக்கு ஏதோ உறுத்தியது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் இடுப்புயரச் சுவர். அவர்கள் அடுப்படியில் கடுகு வெடித்தால் எங்கள் கூடத்தில் மணக்கும். சில நாட்களாகத் தாளிக்கும் வாசனையே வரவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அந்த வாசனை ஆத்தாளுக்கு ஆகாது என்பது எங்கள் ஊர் வழக்கம். சரி, அதையும் சேர்த்துப் பின்பற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே சுவரோரம் போனேன். இரும்புக் கதவில் ஒரு பாலித்தீன் பை தொங்கியது. உள்ளே மாத்திரை அட்டைகள். செவிலியர் கடைசியாக வந்தபோது மாட்டிவிட்டுப் போனது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைக் கூப்பிட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றார்.

"மாத்திரை அப்படியே தொங்குதேம்மா?"

"அம்மை வீட்டுல மாத்திரை போடுவாகளாண்ணே? ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டாளா?"

"இது அம்மை இல்லையேம்மா."

"அந்த டாக்டரம்மாதானே மந்தையில வச்சுச் சொன்னாக? நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீக?"

வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாத்தேன் இருக்காக. காய்ச்சல் விட்டுருச்சு. மேல் வலி இல்ல. வேப்பிலை விரிச்சுப் படுக்க வச்சிருக்கேன். தூங்கிக்கிட்டே இருக்காக. வர்ற செவ்வாக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, அப்புறம் வேணா ஆஸ்பத்திரிக்கு வாரோம்."

தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது நோயாளிக்கே தெரியாது, அசதியாக மட்டும் இருக்கும் என்று அந்த நாட்களில் செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதின. அதைச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க அம்புட்டுப் படிச்சவுக, இல்லைங்கல. ஆனா இது தாயி காரியம்ணே" என்று உள்ளே போய்விட்டார். புருஷன்மேல் அக்கறை இல்லாத பெண் இல்லை அவர். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த ஒரு வைத்தியத்தை, ஒரு பிசகும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். சொன்னவரே வந்து மாற்றிச் சொன்னாலொழிய அவர் கேட்க மாட்டார் என்று தோன்றியது.

டாக்டரம்மா மந்தையில் தன் கைப்பேசி எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூப்பிட்டு விவரம் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பிறகு, "உங்க ஊர்ல அம்மைக்கு என்னென்ன செய்வாங்க, முழுசாச் சொல்லுங்க" என்றார். வேப்பிலைப் படுக்கை, இளநீர், தாளிக்காத சோறு, ஒற்றைப்படை நாளில் ஊற்றும் தண்ணீர், அதுவரை மருந்து கிடையாது, வைத்தியர் கிடையாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் செய்வோம். எனக்கு அது ஞாபகத்துக்கே வரல பாருங்க. நான் இப்பவே வாரேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டார். கூடவே சுகாதாரத் துறை இளைஞர் ஒருவரும் ஆட்டோவும். தெருவில் அந்த வீட்டுப் பெண்ணின் தம்பி நின்றிருந்தான். அக்காவுக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்து சுவரில் வைப்பவன். டாக்டரம்மா வாசலுக்கு வெளியே, முகக்கவசத்தோடு நின்று குரல் கொடுத்தார்.

"ஏத்தா, கதவைத் தொற. நான் உள்ள வரல. இங்கனயே நின்னு பேசிட்டுப் போறேன்."

அந்தப் பெண் வந்தார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அம்மை மாதிரின்னு உங்ககிட்டச் சொன்னது நான்தான். ஆள் போகக் கூடாது, வரக் கூடாதுங்கிறதுக்குச் சொன்னேன். மருந்து எடுக்கக் கூடாதுன்னும் சேத்து உங்க காதுல விழும்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. நீங்க செஞ்சது தப்பில்ல, நான் சொன்ன விதம் தப்பு. இது அம்மை இல்ல. இதுக்கு மருந்து எடுக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அந்தப் பெண்ணுக்கு முன்னால் தம்பி பேசினான். "நல்லா இருக்கே டாக்டரம்மா. அன்னைக்கு அம்மைன்னீக. இன்னைக்கு அம்மை இல்லங்கிறீக. நாளைக்கு வந்து பேயின்னு சொல்லுவீகளா?"

டாக்டரம்மா சிரித்தார்.

"பேயின்னு தெரிஞ்சா அதையும் வந்து சொல்லத்தான் செய்வேன் தம்பி. அன்னைக்குத் தெரிஞ்சதைவிட இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. அதான் வந்து நிக்கிறேன். அது கெடக்கட்டும், உன் விரலைக் காட்டு."

பையிலிருந்து, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் சின்னக் கருவியை எடுத்து அவன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு காட்டியது. துடைத்துவிட்டு என் விரலில் மாட்டினார். அதே அளவு. மறுபடி துடைத்துச் சுவர்மேல் வைத்தார்.

"ஆத்தா, அவர் விரல்ல மாட்டிட்டு, நம்பர் என்னன்னு மட்டும் வந்து சொல்லு. மருந்து இல்ல, ஊசி இல்ல. இதுல எந்த ஆத்தாளும் கோவிச்சுக்கிற மாட்டா."

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது நடையில் பழைய நிதானம் இல்லை.

"எம்பத்தெட்டுன்னு காட்டுது. மிசினு பழுதாகிப் போச்சா?"

"தம்பி விரல்ல நல்லாத்தானே ஓடுச்சு" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "அவருக்குக் காத்துப் பத்தல. தூங்கல அவரு. அசந்து கெடக்காரு. செவ்வாக்கெழம வரைக்கும் தாங்காது."

இதற்குமேல் தம்பிதான் பேசினான். "அக்கா, மாமாவை எழுப்பு" என்றான். அவ்வளவுதான்.

அந்த நாட்களில் 108-க்குச் சொன்னால் வண்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரம்மா மதுரைக்குப் போன்மேல் போன் போட்டு, ஆக்சிஜன் வசதியோடு ஒரு படுக்கைக்கு வழி செய்தார். பிறகு வாசலில் நின்ற மினி வேனைப் பார்த்தார். "பின்னாடி திறந்த வண்டி. காத்து நல்லா ஓடும். இதைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடைக்காது" என்றார். காய்கறி ஏற்றும் வண்டியில் கோணியும் பாயும் விரித்தார்கள். இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு தம்பி ஓட்டுவதற்கு ஏறினான். பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு எட்டு நடப்பதற்குள் இளைத்தது. வண்டியில் சாய்ந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "வாரேண்ணே" என்றார். அவர் மனைவி திடுக்கிட்டுத் திரும்பினார். அம்மை கண்ட வீட்டில் போகிறவர் யாரும் வாரேன் என்று சொல்ல மாட்டார்கள், ஆத்தாளைத் திரும்பக் கூப்பிட்டது போலாகும் என்று. கணவருக்கோ இது அம்மை இல்லை என்பது அதற்குள் மனதில் இறங்கிவிட்டிருந்தது. அடுத்த நொடி அந்தப் பெண்ணும், "பத்திரமாப் போயிட்டு வாங்க, நான் பின்னாடியே வாரேன்" என்றார்.

நிலையில் இருந்த வேப்பிலையை அவிழ்க்கக் கை நீட்டினார். டாக்டரம்மா தடுத்தார். "அது இருக்கட்டும் ஆத்தா. அதைப் பாத்துத்தான் யாரும் உள்ள வராம இருக்காங்க. இலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்."

வண்டி போனதும் அவர் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். தெருவில் வேப்பிலை தொங்கிய மற்ற வாசல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டோவை மந்தைக்கு விடச் சொன்னார். அந்தச் சுகாதாரத் துறை இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், தப்புன்னு மைக்ல சொல்ல வேணாமே. கூடுதல் அறிவிப்புன்னு சொல்லிருவோம். இல்லாட்டி நாளைக்கு நாம என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தம்பியின் நக்கலைச் சற்று முன்புதான் கேட்டிருந்தேன். ஊரே அப்படிக் கேட்டால் என்ன ஆகும்?

"கூடுதல் அறிவிப்புன்னா எவன் வெளிய வந்து கேப்பான்? டாக்டர் தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லிப் பாருங்க, படுத்திருக்கிறவனும் எந்திரிச்சு வருவான்" என்றார் டாக்டரம்மா.

முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். "நான் இந்த இடத்துல நின்னு சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. தப்பைச் சொல்ல வந்திருக்கேன்" என்று தொடங்கினார். அவர் சொன்னபடியே நடந்தது. சன்னல்கள் திறந்தன. மாடியில் ஆட்கள் தெரிந்தார்கள். எது சரி, எது தப்பு என்று பிரித்துச் சொன்னார். தாளிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், மாத்திரை உங்கள் விருப்பம் இல்லை என்றபோது யாரோ சிரித்தார்கள். பிறகு வேப்பிலை கட்டிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து போய், விரல் கருவியைச் சுவரில் வைத்து, நம்பர் கேட்டார். கீழத்தெருவில் இன்னொரு பெண்மணிக்கும் அளவு குறைந்திருந்தது. அவரையும் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆனி பிறப்பதற்கு முன் திரும்பி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவர் வந்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடித்தது. கீழத்தெருப் பெண்மணியும் திரும்பினார். எங்கள் ஊரில் வேறு சில வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை மறைத்து எழுதக் கூடாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மருந்து வேண்டாம் என்று யாரும் வீட்டில் கிடக்கவில்லை.

தடுப்பூசி முகாம் வந்தபோது ஊர் தயங்கியது. ஆயிரம் வதந்தி. மந்தையில் பேச்சு நடந்தபோது அந்தத் தம்பிதான், "அந்த டாக்டரம்மாகிட்டக் கேப்போம். தப்புன்னா தப்புன்னு சொல்லிருவாக" என்றான். கேட்டார்கள். அவர் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டார்கள்.

ஊர்க் கதைகளை எழுதும் நான், முன்பெல்லாம் ஒரு தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டால் அடுத்த முறை சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வேன். இப்போது எந்த இடத்தில், யார் முன்னால் தவறாகச் சொன்னேனோ, அந்த இடத்துக்கே போய், முன்னது தவறு என்று சொல்லிவிட்டுத்தான் சரியானதைச் சொல்கிறேன். அப்படிச் சொல்வதால் நம் பேச்சுக்கு மதிப்புக் குறையும் என்ற பயம், அந்த மத்தியானத்தோடு எனக்குப் போய்விட்டது.