அத்திப்பள்ளி வழியாக எதிர் கேட்டுக்கு

ஒரு பெண்ணின் கம்பெனியை வேவு பார்ப்பதற்காக, ஐம்பது வயதைத் தாண்டிய நான் ஓசூரில் பஸ் ஏறி மாநில எல்லையைக் கடந்திருக்கிறேன். முகத்தை மறைக்க ஒரு கன்னடப் பேப்பர் வேறு வாங்கினேன். எனக்குக் கன்னடம் படிக்க வராது.

அப்போது நான் அரசு நடத்தும் ஸ்டார்ட்-அப் மையத்தில் வழிகாட்டி. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, வீட்டில் யாரும் என் அறிவுரையைக் கேட்காததால் தேடிக்கொண்ட பதவி. மையத்தில் கண்ணாடிச் சுவர், உட்கார்ந்தால் எழ முடியாத மெத்தை, தொங்கும் விளக்கு எல்லாம் இருந்தன. பெங்களூரில் இருக்கும் சாமான்களைப் பார்த்து வாங்கிவந்தால் பெங்களூரும் கூடவே வந்துவிடும் என்று யாரோ நம்பியிருக்க வேண்டும். இவ்வளவு நல்ல நாற்காலியைச் சும்மா தருவார்களா என்று எனக்கு முதல் நாளே சந்தேகம்.

அந்தப் பெண் காவேரிப்பட்டினத்துக்காரி. இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே, அதன் வெட்டும் டூல் எப்போது உடையும் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி செய்திருந்தாள். ஏதாவது ஒரு தொழிற்சாலை, ஒரே ஒரு இயந்திரத்தில் அதை மாட்டிப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். மையம் நடத்தும் மறுஆய்வுக்குள் சம்மதம் வராவிட்டால் அங்கே அவள் இடம் போய்விடும். ஜன்னலில் எட்டிப் பார்த்தாலே நாலைந்து தொழிற்சாலைகள் தெரியும். எதிலும் செக்யூரிட்டியைத் தாண்டி அவள் போனதில்லை. அவர்களுக்கு நிலம் கொடுத்ததும் அரசுதான், எங்களுக்கு நாற்காலி கொடுத்ததும் அரசுதான். நடுவில் கிடக்கும் ரோட்டைத் தாண்டவைக்க மட்டும் எந்தத் துறையும் இல்லை.

சில நாட்களில் சாயங்காலம் சீக்கிரமே அவள் பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறுவதைக் கவனித்தேன். நாற்காலியும் கரண்டும் தமிழ்நாட்டில், கம்பெனிப் பதிவு கர்நாடகாவில் என்று என் மனதுக்குள் வழக்கே முடிந்துவிட்டது. மைய அதிகாரியிடம் சொன்னேன்.

"நெஜமாவே போறாங்களான்னு பாத்துச் சொல்லுங்க சார்," என்றார். "போறாங்கன்னா இப்பவே வேற ஆளப் போட்டுடலாம். மேலிடத்துக்கு எண்ணிக்கை கொறையக் கூடாது."

ஆக, அவள் இடம் இப்போது என் வாயில் இருந்தது. அடுத்த முறை அவள் ஏறிய பஸ்ஸில் பின்வாசல் வழியாக நானும் ஏறினேன்.

எல்லையைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் இறங்கி ஓர் ஓட்டலுக்குள் போனாள். பக்கத்து மேசையில் நான் பேப்பரை விரித்தேன். "ஏனு பேக்கு சார்?" என்று, என்ன வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டார் சர்வர். குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று இரண்டு மேசை தள்ளி இருந்த காபியைச் சுட்டிக்காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். எங்கள் ஜன்னலில் தெரியும் தொழிற்சாலை ஒன்றின் பர்ச்சேஸ் அதிகாரி.

"ஏம்மா, எங்க கேட்டுக்கு எதிர்லயே இருக்கீங்க. இங்க வரைக்கும் எதுக்குத் தொரத்தறீங்க?"

"கேட்டுல உள்ள விட்டாத்தானுங்க சார். இங்க நீங்க கம்பெனி பஸ்ல வந்து எறங்கறப்ப நடுவுல செக்யூரிட்டி இல்லீங்களே."

"வேற யாரு வாங்கியிருக்காங்கன்னு மேல கேப்பாங்களே?"

"நீங்க வாங்கினீங்கன்னாத்தான் சார் அடுத்தவங்ககிட்ட சொல்ல முடியும்."

அவர் இழுத்தார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு சட்டென்று, "சரிம்மா, பழைய மிஷின் ஒண்ணு இருக்கு. திங்கக்கெழம வந்து மாட்டுங்க, கேட்டுல சொல்லிடறேன்" என்று பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார்.

பேப்பரை இறக்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்லயே பாத்துட்டேனுங்க சார்," என்றாள்.

மறுநாள் மைய அதிகாரியிடம், "அவ எங்கயும் போகல. எதிர் கேட்டுக்குத்தான் போறா, கர்நாடகா வழியா" என்று சொன்னேன். மறுஆய்வில் அவள் இடம் நிலைத்தது. அதில் என் பங்கும் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. கருவி மாட்டி ஓடத் தொடங்கிய பிறகு, அடக்கமாக அவளிடம் அதைச் சொல்லியும் வைத்தேன்.

"என்னைப் போட்டிக் கம்பெனி ஆளுன்னு நெனச்சுத்தாம்மா அவர் ஒடனே ஒத்துக்கிட்டார்."

"இல்லீங்க சார், மாட்டப் போனப்ப நானே கேட்டேன். உங்கள இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுன்னு நெனச்சாராம். நான் எந்திரிச்சதும் நீங்க வந்து ஒக்காந்துருவீங்கன்னுதான் அவசரமா முடிச்சுட்டு ஓடினாராம்."