நடப்பவர்களை விட்டுவிட்டேன்

நான் பொய் சொன்னேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. என் வசதிக்காகவே சொன்னேன்!

அப்போது ஹைதராபாத் மேற்கே மேற்கே வளர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க முளைக்கச் சாலைகள் திணறின. இந்த நகரத்தின் போக்குவரத்து எத்தனை காலம் தாங்கும், எதை வளர்த்தால் தாங்கும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நான் வேலை பார்த்தேன். மதுரையிலிருந்து வந்து, லாலாகுடாவில் ராஜம் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

அக்காவின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கேதான்; அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும். கணவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மதியம் சாலையைக் கடந்து அவருக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோவார் அக்கா. வழியில் ஒரு சிக்னல். அது சிவந்ததும் தூக்குவாளியோடு அக்காவும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தொழிலாளிகளும், பள்ளிப் பிள்ளைகளும் கடந்துபோவார்கள்.

அதே சிக்னலில்தான் காலைதோறும் என் அலுவலக வண்டி நின்றது. எத்தனை எரிச்சல் எனக்கு!

அந்தச் சாலை எங்கள் மதிப்பீட்டுக்கே வந்தது. சிக்னலையும் நடைபாதையையும் வைத்துக்கொண்டு பேருந்துகளைக் கூட்டுவதா? சாலையை அகலமாக்கி, நடுவே தடுப்புச்சுவர் எழுப்பி, வண்டிகளை நிற்காமல் ஓடவிடுவதா? நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அங்கே எவ்வளவு பேர் என்று மேலாளர் கேட்டார். அந்தப் பகுதியில் குடியிருப்பவள் என்பதால் என் சொல்லை நம்பினார்.

சொல்லும்படியாக யாருமில்லை என்றேன்.

யாருமில்லையா...? மாடியில் நின்று பார்த்தாலே தெரியும் கூட்டம் அது! நாளைக்கு இவர்களும் வண்டி வாங்கிவிடுவார்கள், பிறகு யார் நடக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நம்பினேனா? பாதி நம்பினேன். மீதிப் பாதி... காலையில் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்ற ஆசை.

சாலை அகன்றது. சிக்னல் போயிற்று. எதிர்ப்பக்கம் போக வெகுதூரம் சுற்ற வேண்டியதாயிற்று. நான் சீக்கிரமே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு மதியம், சாப்பாடு ஆறிவிடுமே என்று அக்கா தடுப்புச்சுவரில் ஏறி மறுபக்கம் இறங்கினார். வேகமாக வந்த கார் அவரைத் தூக்கியெறிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் பழைய நடை திரும்பவில்லை.

மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன்...

"கைக்கு அழுவுற கண்ணு? எதுக்கு இந்த அழுகை?" என்றார். "தப்பு என்னோடதுதான். சுத்திப் போவ சோம்பேறித்தனம். அறிவிருக்கா உனக்குன்னு அவரு திட்டுறாரு. ஹவ், ஆமா, அறிவு இருந்திருந்தா ஏறியிருப்பேனா?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா..." அவ்வளவுதான் வந்தது எனக்கு.

இப்படி ஆகும் என்று தெரியாது என, அந்தப் பொய்க்காவது நான் வாதாடலாம். ஆனால், என் குற்றத்தை ஒரு பெண் தன் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தபடி நின்றேனே... அதற்கு உங்களிடம் என்ன வாதம் சொல்வேன்?

பிறகு அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன். இன்று எந்தச் சாலையை மதிப்பிட்டாலும் முதலில் நடப்பவர்களைத்தான் எண்ணுகிறேன். அதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள். கூசிப்போகிறேன்!

பண்டிகைக்குப் பண்டிகை அக்கா தொலைபேசியில் கூப்பிடுகிறார். போன பொங்கலன்றும் பேசினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாராம்.

"ரோட்டுப் பக்கம் மட்டும் நக்கோ, வேணவே வேணாம்! இப்பதான் எனக்குப் புத்தி வந்திருக்கு," என்று சிரித்தார்.

நானும் கூடச் சிரித்தேன்.