மொட்டை மாடி நெருப்பு

ஒரு மணி என்றால் தபானிக்கு ஒரு மணிதான். ஞாயிறு மதியம் கறுத்த ரொட்டியும் கையுமாக அவர் மொட்டை மாடிக் கதவைத் தள்ளும்போது, அங்கே நெருப்பும், கட்டடத்துக்கே இறைச்சி சுடும் வாஷிங்டனும் மட்டுமே இருப்பார்கள்.

"வந்துட்டார்யா ஸ்டேஷன் மாஸ்டர்!" என்பார் வாஷிங்டன். "மத்தவங்க இன்னும் குளிக்கவே போகல."

தபானி பின்லாந்துக்காரர். உருகுவே நாட்டு மொந்தெவிதேயோவில் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. படகுத்துறையில் பாய்மரப் பாய் தைக்கிறார். விரல்களில் எப்போதும் மெழுகு வாசனை. பார்த்ததும் கன்னத்தில் முத்தமிடும் எங்கள் வழக்கம் அவருக்குப் பழகிவிட்டது. அப்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார், ஊசி போட்டுக்கொள்பவர் போல.

அந்த ரொட்டியை அவரே சுடுகிறார். "காத்துல கதவு அடிக்குது தபானி, இத முட்டுக் குடுத்தா நல்லா நிக்கும்" என்றாள் என் அம்மா. அவர் சிரித்தார். அடுத்த வாரம் இரண்டாகக் கொண்டுவந்தார்.

வந்த புதிதில் ஒரு தப்புச் செய்தார். வாஷிங்டன் உப்பெடுக்கக் கீழே போயிருந்தபோது, கருகிவிடுமே என்று ஒரு விலாத்துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். ஒருவர் மூட்டிய நெருப்பில் இன்னொருவர் இடுக்கி வைப்பதா? "என் பொண்டாட்டியே தொட மாட்டா, தெரியுமா?" என்று கத்திய வாஷிங்டன், பல வாரம் அவரோடு பேசவில்லை.

அன்றிலிருந்து தபானி கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். தணல் எப்போது கம்பி வலைக்கு அடியில் இழுக்கப்படுகிறது, கொழுப்பு எப்படிச் சொட்டுகிறது, எல்லாம் பார்ப்பார். வருடத்துக்கு ஒரு முறை கூச்சத்தோடு கேட்பார்: "ஒரே ஒரு ஞாயிறு நான் சுடட்டுங்களா?"

"அதுக்கு நீ இங்க பொறந்திருக்கணும், கிரிங்கோ!" என்பார் வாஷிங்டன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே அதுதான் பேர்.

மாடியே சிரிக்கும். அவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

போன ஞாயிறு வாஷிங்டன் வலது கையில் மாவுக்கட்டோடு வந்தார். படியில் வழுக்கிவிட்டதாம். அவர் மச்சான் நெல்சன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நீயா?" என்றார் வாஷிங்டன். "பாதியில ஃபுட்பால் பாக்க எறங்கிப் போயிடுவ. மொத்தமும் கரியாகும்."

"பின்ன யாரு, மாமா?"

வாஷிங்டன் வானத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியில் இடுக்கியைத் தபானியிடம் நீட்டினார். "இந்தா. நெருப்ப அவசரப்படுத்தாத."

தபானியின் காதுகள் சிவந்தன. உடனே விறகை அடுக்க ஆரம்பித்துவிட்டார். நெல்சன் நீட்டிய ஒயின் சுவர்மேல் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது. மூன்று மணி தாண்டியும் தட்டுகள் காலியாகவே இருந்தன.

"மனுஷா, பசி உயிர் போகுது!" என்றாள் அம்மா.

"இன்னும் ஆகலைங்க" என்றார், திரும்பாமலே.

வாஷிங்டனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெல்ல எழுந்துபோய், ஓரத்து விலாத்துண்டை லேசாக நகர்த்த இடது கையை நீட்டினார்.

தபானி தணலிலிருந்து கண்ணை எடுக்காமல், இடுக்கிப் பிடியால் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.