வளைகாப்பு பிளெக்ஸுக்கு ஒரு முகம்

என் மருமகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, பிறவாத பேரக்குழந்தையின் முகத்தை முன்கூட்டியே பார்த்துவிட நாங்கள் ஆசைப்பட்டோம். அந்த யோசனையைச் சொன்னவன் என் மகனின் நண்பன். தலையசைத்து அனுமதித்தவள் நான். பழியை அவன்மேல் மட்டும் சுமத்த மனம் ஒப்பவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகில் இருக்கிறது. மதுரையில் காதுகுத்து முதல் கருமாதி வரை பிளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை என்பது ஊரறிந்த செய்தி. வளைகாப்புக்கு நாள் குறித்த மறுநாள் காலை, அந்த நண்பன் கூடத்தில் அமர்ந்து தோசை தின்றுகொண்டே பேச்செடுத்தான்.

"மாப்ள, எல்லாப் பயலும் பொறந்த புள்ளைக்கு பிளெக்ஸ் வைப்பான். நாம பொறக்காத புள்ளைக்கு வைக்கிறோம். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒருத்தர் வயித்துல இருக்க புள்ளைய அப்படியே போட்டோ புடிச்சுத் தாராராம். கண்ணு மூக்கு எல்லாம் தெரியுதாம்."

"உன் மூஞ்சிய பிளெக்ஸ்ல பாத்தே ஊரு பயந்து கெடக்கு. இதுல என் புள்ளையும் வேறயா?" என்றான் மகன்.

மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இப்போதைக்கு ஸ்கேன் ஒண்ணும் வேணாம்னுதான டாக்டரம்மா சொன்னாங்க?"

"இது ஸ்கேன் இல்ல தங்கச்சி. போட்டோ."

"போட்டோதானே, என்ன ஆயிரப்போவுது? போய்ட்டு வருவோம்" என்று நான் சொன்னேன்.

ஐம்பது ஆண்டுகளாகப் பதிகம் பாடும் வாய் என்னுடையது. சந்நிதியில் திரை போட்டிருந்தால், அது விலகும்வரை கைகூப்பி நிற்பதும் வழிபாடுதான் என்று அறிந்தவள். பிள்ளைத்தமிழ் பாடுகிற புலவர்கள்கூட முதலில் வைப்பது காப்புப் பருவத்தை. தெய்வங்களையெல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்கச் சொன்ன பிறகே அதன் தளர்நடையையும் மழலையையும் பாடுவார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும் அன்று எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

மகனும் மருமகளும் நானும் போன அந்த இடம் ஒரு கடையின் மாடியில் இருந்தது. மருத்துவர் எவரும் இல்லை. டாக்டர் சீட்டைக் கேட்கவில்லை. எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. ஸ்கேன் மையங்களில் நாம் வழக்கமாகக் காணும், ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற அறிவிப்பும் சுவரில் இல்லை. மாறாக, கருவியை இயக்கியவர் சிரித்துக்கொண்டே, "பிளெக்ஸுக்கு நீலக் கலரா, ரோஸ் கலரா? வேணும்னா சொல்றேன்" என்றார்.

"வேணாம்" என்று மருமகள் வெடுக்கென்று சொன்னாள். அந்தக் கேள்வியோடு நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அவளைப் புரண்டு படுக்கச் சொன்னார். ஜூஸ் குடிக்கச் சொன்னார். மீண்டும் படுக்கச் சொன்னார். முக்கால் மணி நேரத்துக்கு மேலாகக் கருவி அவள் வயிற்றின்மீது ஊர்ந்தது. இறுதியில் தேன்நிறத்தில் ஒரு முகம் திரையில் எழுந்தது. மூடிய இமைகள், என் மகனுடைய அதே சப்பை மூக்கு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதன் பின்னரே மேலுதட்டைப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு பிளவு.

கருவியை இயக்கியவரின் சிரிப்பு நின்றது. "இந்த இடத்துல ஏதோ ஒரு மாதிரி இருக்கு. நான் டாக்டர் இல்லம்மா, எனக்குச் சொல்லத் தெரியாது" என்று கூறிப் படத்தை உறையிலிட்டுக் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது, அண்ணாநகர் தாண்டியதும் மருமகள் என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, கிரகணத்தன்னைக்கு நான் மாங்கா நறுக்குனேன்ல. அதனாலயா?"

அவளுக்கு நான்காம் மாதம் நடந்தபோது ஒரு கிரகணம் வந்தது. கத்தியைத் தொடாதே, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று நான் எச்சரித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது அது. அவளோ புளிப்புக்கு நாக்கு ஏங்கி ஒரு மாங்காயை நறுக்கித் தின்றுவிட்டாள். அன்றே நான் முகம் சுளித்தேன். இப்போது அவள் கேட்டது ஒரே ஒரு சொல்லைத்தான். 'இல்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் கையைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல விலகியது.

மறுநாள் காலை வழக்கமான பதிகம் பாதியில் நின்றது. உசிலம்பட்டியிலிருந்து அவளுடைய தாயார் போனில் அழைத்து, வளையல் எம்புட்டு வாங்கட்டும் என்று கேட்டபோது, நான் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி வைத்தேன். பத்து மணிக்கெல்லாம் மூவரும் டாக்டரம்மா முன்னால் இருந்தோம்.

அவர் படத்தைப் பார்த்தார். "இது எங்க எடுத்தது?"

"ஸ்கேன் இல்ல டாக்டர், போட்டோதான்" என்றான் மகன்.

"அதே மிஷின், அதே ஒலி அலை. பேர மாத்திச் சொன்னா வேற ஆயிருமா? அஞ்சாம் மாசம் எடுத்த ஸ்கேன் பைல் எங்க?"

பையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். உறையில் குத்தியிருந்த குண்டூசிப் பின் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

"இதைத் தெறந்தே பாக்கலையாம்மா?"

"நீங்க எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னீங்க. பூசையில வச்சுட்டேன்."

"சாமி படிச்சிருப்பாரு. நீங்க படிக்கலையே" என்று அவர் சிரித்தார். பின்னைக் கழற்றித் தாளைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "மேலுதடு முழுசா இருக்குன்னு அன்னைக்கே எழுதியிருக்கு. நான் எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னேன்ல, அந்த எல்லாத்துல உதடும் உண்டு."

ஆயினும் பயந்து வந்தவர்களை வெறும் தாளைக் காட்டி அனுப்ப அவர் விரும்பவில்லை. இப்போது பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது என்றார். படிவம் நிரப்பி, மருமகளிடம் கையெழுத்து வாங்கி, தாமே கருவியை எடுத்தார். சில நிமிடங்கள்தான். தொப்புள்கொடி உதட்டை ஒட்டி ஒரு வளையமாகக் கிடந்தது. குழந்தை தலையை அசைத்தது, கொடி விலகியது, உதடு முழுமையாக, எந்தக் குறையுமின்றி இருந்தது. படத்தில் பிளவாகத் தெரிந்தது கொடியின் நிழல்தான்.

மருமகள் படுத்தபடியே கேட்டாள். "டாக்டர், கிரகணத்துல நான் மாங்கா நறுக்குனேன்."

"மாங்காய நறுக்குனா மாங்காதாம்மா ரெண்டாகும். ஒருவேளை உதடு பிளந்து ஒரு புள்ள பொறந்தாலும் அது பெத்தவ செஞ்ச தப்பு கெடையாது. ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிரலாம்."

முந்தின நாள் அவள் என்னிடம் எதிர்பார்த்த பதில் அது. வேறொருவர் வாயிலிருந்து அது வந்தது. அவள் முகம் தெளிந்ததைக் கண்டு என் மனப்பாரமும் இறங்கியது. கூடவே வெட்கமும் வந்தது.

புறப்படும்போது டாக்டரம்மா சொன்னவற்றை, பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கு நான் இங்கே வைக்கிறேன். தேவைக்காகத் தேர்ந்தவர் எடுக்கும் ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒலி அலை உடலைச் சிறிதளவு சூடேற்றக் கூடியது. கெடுதல் நேர்ந்ததாக உறுதியாகவில்லை என்றாலும், வேடிக்கைக்காக நெடுநேரம் அதைக் குழந்தைமேல் செலுத்த நியாயம் இல்லை. ஞாபகத்துக்காக எடுக்கும் படம் பரிசோதனை ஆகாது. அழகாக இருந்தால் பொய்யான நிம்மதியைத் தரும். நிழல் விழுந்தால் பொய்யான கலக்கத்தைத் தரும். பதிவுச் சான்றிதழ் சுவரில் இல்லாத இடத்தில் காலை வைக்கக்கூடாது. ஆணா பெண்ணா என்று சொல்ல முன்வருவது சட்டப்படி குற்றம், கேட்பதும் குற்றம். முகம் காண ஆசையென்றால், மருத்துவத் தேவைக்கு எடுக்கும்போதே ஒரு படம் கேட்டால் போதும். முறையான ஸ்கேனும் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்றும் அவர் சொன்னார்.

வளைகாப்பு பிளெக்ஸில் மருமகளும் மகனும் மட்டுமே நின்றார்கள். "மெயின் ஆள விட்டுட்டியே மாப்ள" என்று நண்பன் புலம்பினான்.

"வர்ற தேதிக்கு வந்து காட்டும். அதுவரைக்கும் பொத்திக்கிட்டு இரு" என்றான் மகன்.

வளைகாப்பு அன்று காலை, மாங்காய்ச் சாதத்துக்கு மாங்காயும் கத்தியும் எடுத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் போய் அமர்ந்தேன். நறுக்கிக்கொண்டே சொன்னேன். "ஆட்டோவுல நீ கேட்டப்பவே இல்லன்னு சொல்லியிருக்கணும்த்தா. எனக்கு வாய் வரல. அது என் தப்பு."

வளையலுக்காகக் காத்திருந்த கையை அவள் நீட்டினாள்.

"ஒரு துண்டு குடுங்க அத்தை. உப்பு கொஞ்சம் தூக்கலா."