எண்பத்தெட்டாவது மேடு

அம்சவள்ளியைப் போல ஓர் ஏமாளியை இந்தச் சிலாங்கூர் மாநிலம் முழுக்க வலைவீசித் தேடினாலும் கிடைக்காது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுபவள். பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். தோட்டம் வீடமைப்புக் கம்பெனிக்குக் கைமாறுகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மகள் ஷாமளாவைக் காரை எடுக்கச் சொல்லிக் கிளம்பிவிடுவாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த இடுகாட்டில் ஒவ்வொரு மேட்டையும் படம் எடுத்து, எண் போட்டு, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து ஏற்றினாள். இது யார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கீழே எழுதுவாள்.

பத்தாங் காலியிலிருந்து ஒருவர் பெயர் சொல்வார். பாகான் நக்கோடா ஓமாரில் இருக்கும் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோரின் மகள் அதைத் திருத்துவாள். இன்னொருவர் இறந்த வருஷத்தைச் சேர்ப்பார். இப்படியே நான்கு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மேடுகள் பக்கத்தில் ஏறின. எண்பத்தெட்டாவது அவளுடையது. ஏழு நாள் பால் குடித்த தலைப்பிள்ளை, பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். ஒரு செங்கலும் ஒரு குரோட்டன் செடியும்தான் அங்கே அடையாளம்.

அப்போதுதான் உடையப்பன் வந்து சேர்ந்தான். கோலசிலாங்கூரில் ஏதோ ஒரு சங்கத்துக்குச் செயலாளர். புத்தகமாகப் போடட்டுமா என்று பவ்யமாகக் கேட்டான்.

"இதுக்கு என்னைய எதுக்குக் கேக்குறீங்க தம்பி? எல்லாரும் சேந்து செஞ்சதுதானே," என்றாள் மகராசி.

புத்தகம் வந்தது. அட்டையில் உடையப்பன் பெயர், உள்ளே காப்புரிமை பதிவு செய்யப்பட்டது என்ற வரி. தகவல் தந்த அத்தனை பேரும் கடைசிப் பக்கத்தில் 'நல்லுள்ளங்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போனார்கள். அதற்கும் அவள் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள்.

அடுத்த மாதம் அவளுடைய இணையப் பக்கம் காணாமல் போனது. பக்கத்தை நடத்தும் இணைய நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ஷாமளா படித்துச் சொன்னாள். தன் புத்தகத்தை யாரோ திருடிப் பக்கமாகப் போட்டிருப்பதாக உடையப்பன் புகார் கொடுத்திருக்கிறான். எல்லாம் என் சொந்தப் படைப்பு என்று இவள் உறுதி கொடுத்தால் பக்கம் திரும்ப வரும். அவனுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"யெஸ்னு போட்டுரும்மா. பேஜ் வந்துரும்லா," என்று மகள் கெஞ்சினாள்.

"அடுத்தவங்க குடுத்தத எப்படிடி என்னோடதுன்னு எழுதுறது?"

இது எனக்குச் சொந்தமில்லை, கொடுத்த எல்லோருக்கும் சொந்தம் என்றே எழுத வைத்தாள். இரண்டே நாளில் பக்கத்தை ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

பிறகு வீடமைப்புக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. மாதக் கடைசிக்குள் குழிகளைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். பட்டியலில் இல்லாதவற்றின் மேல் மண்வாரி இயந்திரம் ஓடும். அவர்கள் வைத்திருந்த பட்டியல் உடையப்பனின் புத்தகம். பெயரில்லாத மேடுகளை அவன் விட்டுவிட்டிருந்தான். எண்பத்தேழுக்குப் பிறகு எண்பத்தொன்பது.

கம்பெனி அலுவலகத்தில் ரஸ்லான் என்ற மலாய்க்காரர் பொறுமையாகக் கேட்டார். கைப்பேசியில் இருந்த செங்கல் படத்தையும் பார்த்தார். வெறும் படத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது, புத்தகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். பெற்றவள் பேச்சு எடுபடவில்லை, திருடியவன் கடிதம் வேண்டுமாம். வயிறு எரியாதா?

போனாள். வேறென்ன செய்வாள்? உடையப்பன் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து உபசரித்தான். பக்கத்தை மூடியது அநியாயமில்லையா என்று அவள் கேட்டதும், மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அவள் அனுப்பிய பதிலின் நகல்; புகார் கொடுத்தவன் என்று அவனுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒங்களோடது இல்லைன்னு நீங்களேதான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

கடிதம் தருவதில் அவனுக்குத் தடையில்லையாம். எண்பத்தெட்டை இரண்டாம் பதிப்பில் சேர்க்க ஒரு படிவம் மட்டும் வேண்டுமாம். தமிழில்தான் இருந்தது; எழுத்துக்கூட்டிப் படித்தாள். இந்தப் படமும் தகவலும் முழுக்க முழுக்க என்னுடையவை என்றது முதல் வரி. இவற்றின் எல்லா உரிமையையும் உடையப்பனுக்கே கொடுத்துவிட்டேன் என்றது இரண்டாம் வரி.

முதல் வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.