இனித்த எலுமிச்சை ஊறுகாய்

சிவகாசியில் இருபத்திரண்டு வருஷம் காலண்டர் அச்சடித்த ஜெயசுந்தருக்குத் தன் நாக்கின் மேல் அபார நம்பிக்கை. கல்யாண வீடுகளில் யாரும் கேட்காமலேயே சமையல் பந்தலுக்குள் நுழைந்து, சாம்பாரை உள்ளங்கையில் வாங்கி நக்கி, "உப்பு ஒரு கல்லு கூட" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவார். ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அச்சகம் ஒன்றில் மிஷின் ஓட்டப் போனபோதும் அந்தக் கர்வம் கூடவே போனது. அது எப்படி இறங்கியது என்பதை இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

அங்கே பேப்பர் வெட்டும் மிஷினில் இருந்தவர் குவாமே. இவர் வயசுதான். அவர் பேசும் இங்கிலீஷில் பாதி இவருக்குப் புரியும். மீதிப் பாதிக்குத் தலையாட்டுவார். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, வீட்டுத் தோட்டத்துப் பழம் என்று குவாமே ஒரு கைப்பிடி கொடுத்தார். கோவைப்பழச் சிவப்பு, அதில் பாதி அளவு. கொடுத்துவிட்டு எதையோ நீளமாக விளக்கினார். ஜெயசுந்தர் தலையாட்டினார். ஒன்றை வாயில் போட்டு அதக்கிக் கொட்டையைத் துப்பினார். நம்ம ஊர் காரைப்பழத்தின் ருசிகூட இல்லை. மனுசன் மனசு நோகக் கூடாதே என்று மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அறைக்கு வந்து சோறு வடித்து, சாத்தூரிலிருந்து மனைவி கனகமணி கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது. ரசத்தை ஊற்றிப் பார்த்தார், பானகம். புளித்த தயிர் பாயசமாகியிருந்தது. உடனே போன் போட்டார்.

"ஊறுகாய்ல எம்புட்டு வெல்லம் போட்ட?"

கனகமணி டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது. "வெல்லமா? அதே ஜாடி ஊறுகாயத்தான் இங்கன நாங்களும் திங்கோம். புளிப்புல பல்லு கூசுது."

"அப்ப ரசம்? அது நான் வச்சது. அதுவும்ல இனிக்குது."

கனகமணி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "சுகர் பாத்தீகளா?" என்றாள்.

ஜெயசுந்தர் சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். உடம்பு முழுக்கச் சர்க்கரை நிரம்பி, வழிந்து, நாக்கு வரைக்கும் வந்துவிட்டது என்று முடிவுகட்டினார். கிளினிக்குக்குப் போகிற வழியில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கடித்தார். சாத்துக்குடி தோற்றது. பிள்ளைகள் முகம் கண்ணில் வந்து போனது.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சுகர் இல்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குச் சோறு, ரசம், தயிர், ஊறுகாய் என்று ஒப்பித்தார். பழத்தை அவர் ஒரு சாப்பாடாகவே நினைக்கவில்லை. கைதவறி விழுந்த போனை எடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து பழங்கள் தரையில் உருண்டன. நர்ஸ் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், அடக்க முடியாமல் சிரித்து உள்ளே இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார். இந்தப் பழத்தைத் தின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் புளிப்பெல்லாம் இனிக்கும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குவாமே நீளமாக விளக்கியதும் இதைத்தான்.

அறைக்குத் திரும்பி ஊறுகாயைத் தொட்டார். புளிப்பில் கண் தானாக மூடியது. சந்தோஷமாக மனைவியைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல. ஒரு பழம் செஞ்ச வேலை."

"ஐயோ, சபை வாட்ஸ்அப்ல ஜெபக் குறிப்பு போட்டுட்டேனே."

"அழிச்சிரு."

"அறுபது பேரு ஆமென் போட்டுட்டாக. இனிமே எப்படி அழிக்க?"

மறுநாள் சாத்தூர் சபை ஆராதனையில் போதகர் பெயர் சொல்லியே ஜெயசுந்தரின் நாக்குக்காக ஜெபித்தார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊர் வந்தபோது அந்தப் பழத்தைக் கொண்டுவர முடியவில்லை. இரண்டு நாளில் அழுகிவிடும். சாட்சி இல்லாத கதையை யார் நம்புவார்கள்? பழம் என்று ஆரம்பித்தாலே, "கர்த்தர் பெரியவர்" என்று முடித்துவைத்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை மூப்பர் சுந்தர்ராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாக்கு இப்ப எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாருக்குண்ணே."

"எங்க, காட்டுங்க."

கோயில் வாசலில், அத்தனை பேருக்கும் முன்னால், ஜெயசுந்தர் நாக்கை நீட்டினார்.