ஃபென்ஸில் கீறிய கை

சித்தப்பா வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவர். அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில் நாய், பூனை பார்க்கும் கிளினிக் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குத் திடீரென்று சிட்டி கவுன்சில் ஆசை வந்தது. "மாட்டு டாக்டருக்கு இதெல்லாம் தேவையா?" என்று அம்மா கேட்டாள்.

தேர்தலில் அவருடைய பெரிய பலம் மூலை வீட்டு வெள்ளைக்காரர். அவர் நாய்க்கு சித்தப்பாதான் டாக்டர். சிக்னலை ஒட்டிய அவர் வீட்டுப் புல்வெளியில்தான் சித்தப்பா பெயர் போட்ட பெரிய போர்டு நின்றது. தெருக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைப்பதாகவும் சொல்லியிருந்தார்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் அவரும் சித்தப்பாவும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய் அந்த நாயிடமிருந்து எலும்பைப் பிடுங்கப் பார்த்தேன். கடித்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாய் கடித்தால் சிட்டிக்குச் சொல்ல வேண்டும், நாயைப் பத்து நாள் அடைத்து வைப்பார்கள் என்று சித்தப்பாவே கிளினிக்கில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாயை அடைத்தால் போர்டு போய்விடும், சித்தப்பா தோற்றுவிடுவார். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது?"

"ஜஸ்ட் த ஃபென்ஸ், சித்தப்பா."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போகாமல் கிளினிக்குக்கு வண்டியை விட்டார். குழாயில் சோப்புப் போட்டு, விரல் மரத்துப்போகும் வரை கழுவினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடினார்.

"அம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

"ஃபென்ஸ்."

"சமத்து" என்றார். வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

சொற்ப ஓட்டில் ஜெயித்தார். சில வருடங்களில் கிளினிக்கை விற்றுவிட்டு, ஆஸ்டினில் மாநில சட்டசபைக்கே போனார். ஒரு கால்நடை டாக்டரையே ஏமாற்றி ஜெயிக்கவைத்தவள் நான்தான் என்று ரொம்ப நாள் பெருமையாக இருந்தேன்.

அத்தனை வருடம் நாய்ப் பல்லைப் பார்த்தவருக்குக் கடி எது, கீறல் எது என்று தெரியாதா? அவர் படித்தது அந்த நாயின் வெறிநோய்த் தடுப்பூசி விவரம். ஊசி தேதி சரியாக இருந்திருக்க வேண்டும், அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். தேதி தவறியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இதுவரை அவரிடம் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.